சந்தியாகப்பரைப் பார்க்கப் போன சின்னப் பை

இயேசுவின் சீடரான சந்தியாகப்பர் (யாக்கோபு) கல்லறைக்கு நடந்தே வருகிறேன் என்று நேர்ந்துகொண்டு பல வருடம் ஓடிவிட்டது. ஒருவழியாகப் போன வசந்தத்தில் கிளம்பினோம். ஸ்பெயினில் சாரியாவிலிருந்து, அவர் கல்லறை இருக்கும் சாந்தியாகோ வரை சுமார் 115 கிலோமீட்டர், ஆறு நாள் நடை. பெரிய பையில் சீட்டைக் கட்டிக் காலையில் விடுதி வாசலில் வைத்துவிட்டால் வண்டியில் அடுத்த ஊருக்குப் போய்விடும். சுமையை அனுப்பினாலும் யாத்திரைச் சான்றிதழ் தருகிறார்கள். நடந்தோமா, யாத்திரை அட்டையில் தினம் இரண்டு முத்திரை வாங்கினோமா என்பதுதான் கணக்கு.

பெரிய பைதான் வண்டியில் போகிறதே, முதுகுக்கு வீட்டில் கிடக்கும் லேப்டாப் பை போதாதா என்றிருந்தேன். நல்லவேளை, அதில் நாலு தண்ணீர் பாட்டிலைப் போட்டு இரண்டு மணி நேரம் நடந்து பார்த்தேன். வார் தோளை அறுத்துவிட்டது.

அப்புறம்தான் 20 லிட்டர் பை ஒன்று வாங்கினேன். கடையிலேயே எடையைப் போட்டு மாட்டிப் பார்த்தேன். இடுப்பு வார் வயிற்றைக் கட்டாமல் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். அப்போதுதான் தோளின் பாரம் இறங்கும். முதுகுப் பக்கம் காற்றோட வலை. பையைக் கழற்றாமலே பாட்டில் கைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் சோம்பலில் தண்ணீரே குடிக்க மாட்டோம். இடுப்பு வாரில் குட்டி ஜிப் அறை ஒன்று இருந்தது. ஜெபமாலைக்கென்றே தைத்ததுபோல!

இந்தப் பாதை ஓடும் கலீசியா பகுதியின் மழையைப் பற்றி எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். பையோடு வந்த மழையுறையை நம்பினேன். தண்ணீர் முதுகு வழியாக இறங்கி உள்ளே போய்விட்டது. மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பைக்குள் கட்டித்தான் வைத்தேன்.

மூன்றாம் நாள் வழியிலுள்ள பலாஸ் தே ரெய் என்ற ஊருக்குச் சொட்டச் சொட்ட நனைந்து போய்ச் சேர்ந்தால், பெரிய பையைக் காணோம். வேறு விடுதியில் இறக்கிவிட்டார்களாம். இரவு பத்து மணிக்குத்தான் வந்தது. அதுவரை காப்பாற்றியது சின்னப் பையில் இருந்த ஒரு மாற்றுச் சட்டை, காலுறை, மாத்திரை. பாஸ்போர்ட்டும் பணமும் எப்போதும் என்னோடுதான்.

கடைசி நாள், மோந்தே தோ கோசோ மேட்டில் பேராலயக் கோபுரங்கள் தூரத்தில் தெரிந்ததும் பேச்சு நின்றுபோனது. வாசலுக்குப் போனால், முதுகுப்பையோடு உள்ளே விட மாட்டார்களாம். கூட வந்தவரிடம் பையைக் கொடுத்துவிட்டு, ஜிப் அறையிலிருந்து ஜெபமாலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். பீடத்துக்குக் கீழே கல்லறைக்கு இறங்கும் குறுகிய படிகள். வெள்ளிப் பேழை முன் முழங்காலிட்டபோதும், பழக்கத்தில் கை வாரைச் சரிசெய்யத் தோளுக்குப் போனது.