திருவொற்றியூர் புல்லட்டுக்கு ஒரு புல்லர் தேடி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் புல்லட்டின் அடியில் இரவுதோறும் ஓர் அட்டையை விரித்துவைப்பது எனக்கு வழக்கமாகியிருந்தது. அப்பா வாங்கிய 1974ஆம் ஆண்டு வண்டி அது. தொடக்கத்தில் காலையில் இரண்டு மூன்று சொட்டுகள் இருக்கும். கோடை முடிவதற்குள் அட்டை ஊறித் தரையும் கறுத்துவிட்டது.

இந்த வண்டியில் எண்ணெய் எஞ்சினுக்குள்ளும், எஞ்சினையும் கிளட்சையும் இணைக்கும் பிரைமரி செயின் ஓடும் இடப்பக்கத்துச் செயின் கேஸுக்குள்ளும், கியர்பாக்ஸுக்குள்ளும் தனித்தனியாக நிற்கிறது. ஓட்டத்தில் காற்று எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடுவதால் கசியும் இடம் ஒன்றாகவும் சொட்டும் இடம் வேறாகவும் இருக்கும். ஆகவே அடிப்பக்கம் முழுவதையும் டீசலால் கழுவித் துடைத்து, முகப்பவுடரைத் தூவி, காசிமேடுவரை ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். செயின் கேஸ் மூடியின் கீழ் விளிம்பிலும், அதற்குப் பின்னால் கியர்பாக்ஸின் ஸ்பிராக்கெட்டை, அதாவது செயினை இழுக்கும் பல்சக்கரத்தைச் சுற்றியும் பவுடர் கறுத்திருந்தது. கிராங்க்கேஸின் (எஞ்சினின் அடிப்பெட்டி) காற்றுப் போக்கியிலிருந்த ரப்பர் வால்வு கல்லாக இறுகியிருந்ததைக் கண்டு அதை முதலில் மாற்றினேன். எஞ்சினுக்குள் அழுத்தம் அடைபட்டால் புதிய பேக்கிங்கையும் எண்ணெய் தாண்டி வந்துவிடும். கசிவு குறைந்தது, நிற்கவில்லை.

ஸ்பிராக்கெட்டின் பின்னால் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் சிறிய பொருள்தான். ஆனால் அதைத் தொட வேண்டுமானால் வெளிமூடி, ஆல்டர்னேட்டர், கிளட்ச், செயின், உள்மூடி என்று வரிசையாக எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பிரைமரி செயினில் இணைப்புக் கண்ணி கிடையாது என்பதால் எஞ்சின் ஸ்பிராக்கெட்டும் கிளட்சும் ஒன்றாகத்தான் வெளியே வரும். நான் கேட்ட மெக்கானிக், இரண்டு ஸ்க்ரூ டிரைவர்களைப் பின்னால் கொடுத்து நெம்பி, ஷாஃப்ட் நுனியில் ஒரு தட்டுத் தட்டினால் கிளட்ச் சென்டர், அதாவது ஷாஃப்டில் இறுகியிருக்கும் கிளட்சின் நடுப்பகுதி, வந்துவிடும் என்றார். செயின் கேஸ் வெளிமூடியின் நடு நட்டில் ஏற்கெனவே யாரோ உளி வைத்து அடித்த தடம் இருந்தது. இன்னொரு தடம் வேண்டாம் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

நானே கழற்றுவதென்றால் நட்டுகளுக்குச் சரியான ஸ்பேனரும், கிளட்ச் சென்டரை அடிக்காமல் இழுத்தெடுக்கும் புல்லர் என்ற கருவியும் வேண்டும். முதல் தேடல் ஸ்பேனருக்கு. என் வண்டியின் பல நட்டுகள் விட்வொர்த் என்னும் பழைய பிரிட்டிஷ் அளவு. 1/4 விட்வொர்த் நட்டின் தலை ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர், 13 ஸ்பேனர் உள்ளே நுழையாது, 14 போட்டால் முனைகளைத் தின்றுவிடும். பாரிமுனைப் பக்கத்துக் கருவிக் கடைகளில் "இஞ்ச் செட்" என்று எடுத்துக் காட்டியவையெல்லாம் அமெரிக்க முறையில் தலையின் அகலத்தை அளந்தவை. அவற்றில் அரை இஞ்ச் 12.7, அடுத்தது 14.3. விட்வொர்த்தில் ஸ்பேனர் மீதுள்ள எண் போல்ட்டின் தடிமனைச் சொல்கிறது, நட்டின் அகலத்தை அல்ல. இதைக் கடைக்காரருக்கு விளக்குவதற்குள் எனக்கே இருமுறை குழம்பியது. கடைசியில் புதுப்பேட்டையில், துருப்பிடித்த ஸ்பேனர்களை எடைக்குப் போடும் ஒருவரிடம், "1/4 டபிள்யூ" என்றும் "5/16 பி.எஸ்." என்றும் ஒரே வாயில் பொறித்த ரிங் ஸ்பேனர் கிடைத்தது. இரண்டும் ஒரே அளவுதான், பி.எஸ். என்னும் இன்னொரு பிரிட்டிஷ் வரிசையில் அதே தலைக்கு ஒரு படி தடித்த போல்ட் வரும்.

புல்லர் அங்கேயும் இல்லை. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தின் தொழிற்சாலை திருவொற்றியூரில்தான் இருந்தது. என் வண்டியும் அங்கே பிறந்ததே. அந்த ஊரில் தேடாமல் நகரம் முழுவதும் அலைந்தது என் புத்திக்குறைவு. காலடிப்பேட்டையில் டீக்கடை ஒன்றில் விசாரித்தபோது, அந்தத் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் வீட்டைக் காட்டினார்கள். பரணிலிருந்த பிஸ்கட் டப்பாவில், கிரீஸ் தடவித் துணியில் சுற்றியபடி புல்லர் இருந்தது.

"இரவல்தான் தம்பி. சுத்தியல எடுத்தன்னு தெரிஞ்சா அப்புறம் இந்தப் பக்கமே வராத," என்று சொல்லிக் கொடுத்தார். வலப்பக்கத்து டைமிங் மூடியைத் திறக்கும் வேலை எனக்கு இல்லை; ஆனாலும், அங்கே கிராங்க் நுனியிலுள்ள வார்ம் நட் (திருகுப் பல் கொண்ட நட்டு) இடது மரை என்பதையும், வழக்கம்போல் திருப்பினால் அது மேலும் இறுகும் என்பதையும் இரண்டு முறை சொல்லியனுப்பினார்.

கிளட்ச் சென்டரின் நட்டைத் திருப்பும்போது கிளட்ச் சுற்றாமல் பிடிக்கும் கருவி மட்டும் அவரிடம் இல்லை. தேய்ந்த கிளட்ச் பிளேட்டுகள் இரண்டை ஒன்றாகப் பற்றவைத்து ஒரு கம்பியைக் கைப்பிடியாக ஒட்டினால் போதும் என்றார். கொருக்குப்பேட்டை லேத் பட்டறையில் அதைச் செய்ய 350 ரூபாய் ஆயிற்று; என் கருவிகளிலேயே மிக அசிங்கமானதும் மிகப் பயன்பட்டதும் அதுதான்.

புல்லரின் நடு போல்ட்டை இறுக்கிக்கொண்டே போனபோது ஒன்றும் அசையவில்லை. கை ஓய்ந்து டீ குடிக்க எழுந்த நேரத்தில் "டக்" என்று ஒரு சத்தம். கிளட்ச் சென்டர் தானாகவே விட்டுவிட்டது. பழைய சீலின் உதடு வெறும் பிளாஸ்டிக்போல் விறைத்திருந்தது. அது உரசும் காலரில் நகத்தால் வருடினால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்ததால், சீலோடு ஸ்பிராக்கெட்டையும் மாற்றினேன். சீலை மட்டும் மாற்றியிருந்தால் ஒரு மாதத்தில் மறுபடியும் கழற்றியிருப்பேன். வெளிமூடியை ஜன்னல் கண்ணாடியின் மேல் கவிழ்த்துப் பார்த்தபோது விளிம்பு ஓரிடத்தில் தூக்கியிருந்தது. மூடி முழுவதையும் அந்த ஒரே நடு நட்டுதான் பிடித்திருக்கிறது. கசிகிறதே என்று இறுக்க இறுக்க விளிம்பு இன்னும் கோணும். எமரித் தாளைக் கண்ணாடிமேல் விரித்துத் தேய்த்துச் சமன்செய்து, புதிய ரப்பரைப் பொருத்தி, குட்டையான ஸ்பேனரால் அளவாக முடுக்கினேன்.

புல்லரைத் துடைத்து கிரீஸ் தடவி அதே துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தபோது, பெரியவர் முதலில் அதன் மரையைத்தான் விரலால் சோதித்தார். பிறகே வண்டியைக் குனிந்து பார்த்தார்.

அட்டையில் இப்போது காலையில் எட்டணா அளவில் ஒரே ஒரு வட்டம் விழுகிறது. அது டாப்பட் மூடியிலிருந்து வருகிறது. ஒரு பேக்கிங்கும் புதுப்பேட்டை ஸ்பேனரும் அதற்குப் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.