கைரவானில் ஒரு லுஹர் தொழுகை

துனிசியாவுக்குப் போகிறவர்களைப் பெரும்பாலும் அதன் கடற்கரைதான் இழுக்கும். என் நாட்டமெல்லாம் கைரவான் மீதே இருந்தது. 670-இல் தளபதி உக்பா இப்னு நாஃபி நிறுவிய ஊர் அது. வட ஆப்பிரிக்காவில் இஸ்லாம் வேர்பிடித்தது அந்த மண்ணிலிருந்துதான். துனிஸ் நகரிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர்; ஷேர் வேனில் போய்விடலாம்.

உக்பா பெயரில் விளங்கும் பெரிய பள்ளிவாசலின் இன்றைய கட்டடம் பெரும்பாலும் 9-ஆம் நூற்றாண்டில் அக்லபிய ஆட்சியாளர்கள் எழுப்பியது. அதன் முற்றம் நடுவை நோக்கிச் சரிந்திருக்கிறது. மழைநீர் அங்கே செதுக்கிவைத்த பளிங்குக் குழிகளில் தங்கி, தூசு படிந்து, தெளிந்த பிறகே நிலத்தடித் தொட்டிக்குள் இறங்குகிறது. கிணற்றின் பளிங்கு விளிம்பெங்கும் கயிறு உராய்ந்த தடங்கள். ஒன்றில் விரலை வைத்தேன், முழுவதும் அடங்கிவிட்டது. எத்தனை தலைமுறை இறைத்த நீர்!

உள்ளே தூண்களைப் பார்த்து மாளாது. பழைய ரோமானிய, பைசாந்தியக் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை. ஒன்றின் தலைப்பு வேலைப்பாடு பக்கத்துத் தூணில் இருக்காது. 9-ஆம் நூற்றாண்டின் தேக்குமர மிம்பரும் (உரை நிகழ்த்தும் மேடை) இன்னும் அங்கேயே நிற்கிறது. உலகில் இன்று எஞ்சியுள்ள மிம்பர்களில் அதுவே மிகப் பழையது.

லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குத் தக்பீர் ('அல்லாஹு அக்பர்') சொன்னதும் நான் கை கட்டினேன். என் இரு பக்கத்திலும் நின்றவர்கள் கைகளைத் தொங்கவிட்டபடியே தொழுதார்கள். இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் (மத்ஹப்) ஒன்றான மாலிகியைப் பின்பற்றுவோரிடம் காணும் வழக்கம் அது. இன்னொரு பிரிவான ஷாஃபியைச் சேர்ந்த எனக்கு, அதே சஃப்பில் (தொழுகை வரிசையில்) தோளோடு தோள் நின்றபோது நெஞ்சு நிறைந்தது. இவ்வூர் அறிஞர் இமாம் சஹ்னூன் தொகுத்த 'முதவ்வனா' என்னும் சட்டநூல்தான் மாலிகி சட்டத்தை மக்ரிப் எனப்படும் வடமேற்கு ஆப்பிரிக்கா முழுவதும், முஸ்லிம் ஆட்சியிலிருந்த ஸ்பெயினான அந்தலூசியா வரையிலும் கொண்டுசேர்த்தது. அவர் 854-இல் மறைந்தார்.

என்னை இன்னும் அதிகமாகத் தொட்டது 'கைரவான் ஸதாக்' என்னும் திருமண ஒப்பந்தம். கணவர் இரண்டாம் மனைவியை மணக்கக் கூடாது, மணந்தால் மணவிலக்கு பெறும் உரிமை மனைவிக்கு உண்டு என்று எழுதிவைக்கும் வழக்கம் இங்கே பல நூற்றாண்டுகள் இருந்தது. துனிசியா 1956-இல் பலதார மணத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது. கைரவான் பெண்களோ அதற்கு வெகுகாலம் முன்பே, மார்க்கம் தந்த நிபந்தனை உரிமையைக் கொண்டே தங்களைக் காத்துக்கொண்டார்கள். மார்க்கம் வேறு, பெண்ணின் கண்ணியம் வேறு என்று பேசுகிறவர்கள் இந்த ஊரின் வரலாற்றை ஒருமுறை படிக்க வேண்டும்.

மாலையில் நபித்தோழர் அபூ ஸம்ஆ அல்பலவி அடங்கியுள்ள தர்காவுக்குச் சென்று ஜியாரத் (அடக்கத்தலத்தைத் தரிசித்தல்) செய்தேன். நபிகளின் பிறந்தநாளான மௌலித் நாளில் நாடெங்கிலுமிருந்து மக்கள் இந்நகரில் திரள்வார்களாம். இறைவன் நாடினால் அடுத்த பயணம் அந்த நாளில்தான்.