குரல் முதலில், பீட் பிறகு

எலக்ட்ரானிக் பாப் இசையோடு கதைசொல்லும் குரலும் சேர்கிற ஆல்பத்தில் முதலில் பதிவாக வேண்டியது குரல்தான். ஒலிக்கலவைப் பொறியாளராக பாடல்கள் எல்லாம் ஒரே கதையைச் சொல்லும் அப்படியொரு கான்செப்ட் ஆல்பத்தில் தொடக்கம் முதல் கடைசிவரை வேலை செய்த பிறகு, இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வழக்கம் என்னவோ நேர்மாறானது. பீட் தயாராகும், சிந்த் என்ற மின்னணு இசைக்கருவியின் அடுக்குகள் ஏறும், கடைசியில் கதைசொல்லி ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதன்மேல் வாசிப்பார். வாசிக்கும்போதே தலை தாளத்துக்கு ஆடும். வாக்கியங்களும் அதற்கேற்ப ஒரே நீளத்துக்கு வந்துவிடும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 0.6 விநாடி. நான்கு தட்டு கொண்ட ஒரு பார் 2.4 விநாடி, நான்கு பார் 9.6 விநாடி. இந்த வகை இசை நான்கு, எட்டு, பதினாறு பார்களாகவே நகரும். கேட்பவரின் காதும் அந்தத் திருப்பங்களில் ஏதோ மாறப்போகிறது என்று காத்திருக்கும். பேச்சுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஒரு வாக்கியம் சட்டென்று முடியும், அடுத்தது இழுத்துக்கொண்டு போகும், நடுவில் ஒரு பெருமூச்சு வரும்.

எங்கள் கதை எளிமையானது. தொலைபேசி இணைப்பகத்தில் காலமெல்லாம் வேலை பார்த்த பெண், பணி ஓய்வு பெறும் இரவில், தான் இணைத்துவிட்ட குரல்களை நினைத்துப் பார்க்கிறாள். கதைசொல்லி மேடை நாடகத்திலிருந்து வந்தவர். இசை எதுவும் இல்லாமல், தாளம் காட்டும் கிளிக் ஒலிகூடக் காதில் விழாமல் அவரைப் பேசவைத்தோம். “மறுமுனையில் யாரும் இல்லை” என்று ஒரு வரி. அதைச் சொன்னதும் அவர் எடுத்துக்கொண்ட மௌனத்தை தாளம் எண்ணும் எந்த மெட்ரோனோமும் தந்திருக்க முடியாது. இசையமைப்பாளர் அதை அளந்து பார்த்துவிட்டு, நான்கு பாரில் முடிய வேண்டிய சுற்றை ஐந்தாக நீட்டினார். அந்தப் பெண்ணின் காத்திருப்பு அப்படியே இசைக்குள் வந்துவிட்டது. இந்த வேலையில் நான் மிகவும் மதிக்கும் முடிவு அது.

கலவையில் பெரிய போராட்டம் ஒலியின் அதிர்வெண்ணில் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்துக்காக நடந்தது. பேச்சு புரிவதற்கு மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்க வேண்டும். அந்தத் தெளிவின் பெரும்பங்கு இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. சிந்தின் பளிச்சென்ற மெட்டும் ஸ்நேர் டிரம்மின் அடியும் வந்து உட்காருவதும் அதே இடத்தில்தான். குரல் வரும்போதெல்லாம் இசை முழுவதையும் ஒலியளவை அடக்கும் கம்ப்ரஸரால் அழுத்தினால், வானொலி அறிவிப்பு போல ஆகிவிடும். டைனமிக் ஈக்யூ என்ற கருவியை வைத்து அந்தப் பகுதியை மட்டும், அதுவும் குரல் இருக்கும் நேரத்தில் மட்டும், சற்றுக் குறைத்தேன். அதைவிட நல்ல தீர்வு வாத்திய அமைப்பிலேயே இருந்தது. இசையமைப்பாளரிடம், “சார், அந்த மெட்டு வாக்கியம் முடிஞ்ச பிறகு உள்ள வரட்டுமே” என்று கேட்டேன். இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது போல அமைந்தது.

பேச்சுக்கும் சுருதி உண்டு. வாக்கியம் முடியும் இடத்தில் குரல் பெரும்பாலும் கீழே இறங்கும். இறங்கி நிற்கும் இடம் பின்னால் ஒலிக்கும் கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களுக்கு) அரைச்சுரம் தள்ளியிருந்தால், கதைசொல்லி அபசுரமாகப் பேசுவது போல ஓர் உறுத்தல் வரும். சுருதியைச் சரிசெய்யும் ஆட்டோடியூனால் அதைத் திருத்தலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை; பேச்சின் இறக்கத்தைத் திருத்தினால் பேசுகிறவரின் மனநிலையே மாறிவிடும். முக்கியமான வாக்கியங்களின் அடியில் மூன்றாம் சுரம் இல்லாத திறந்த கார்டுகளை வைத்தோம். கார்டு மேஜர் வகையா மைனர் வகையா என்பதைக் காட்டுவது அந்த மூன்றாம் சுரம்தான்; அதை இசை சொல்லாமல் நிற்கும்போது குரலுக்கு இறங்க இடம் கிடைக்கிறது.

வோக்கோடர் இந்தக் கதைக்கென்றே பிறந்த கருவி. 1930களில் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி அதைப் பாட்டுக்காக உருவாக்கவில்லை. தொலைபேசிக் கம்பியில் பேச்சைக் குறைந்த அதிர்வெண் அகலத்தில் அனுப்புவதுதான் நோக்கம். பேச்சைப் பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒலி ஏறி இறங்கும் விதத்தை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். அந்த ஏற்ற இறக்கத்தை ஒரு சிந்தின் மேல் ஏற்றினால் சிந்த் பேசும். அமெரிக்கக் கலைஞர் லாரி ஆண்டர்சன் 1981இல் வெளியிட்ட ‘ஓ சூப்பர்மேன்’, திரும்பத் திரும்ப வரும் ஒரே அசையின் மேல் வோக்கோடர் குரலை நிறுத்தி எட்டு நிமிடத்துக்கு மேல் போகிறது. பிரிட்டிஷ் தரவரிசையில் இரண்டாம் இடம்வரை அது ஏறியது. பேச்சை நம்பினால் இசைக்கு எவ்வளவு கொஞ்சம் போதும் என்பதற்கு அதுவே சாட்சி. வோக்கோடர் வார்த்தைத் தெளிவைக் குறைக்கும் என்பதால், வெறும் குரலில் ஏற்கெனவே ஒருமுறை வந்துவிட்ட வரிகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தினோம். நினைவில் வரும் பிற குரல்களைப் பழைய தொலைபேசியின் 300–3400 ஹெர்ட்ஸ் வரம்புக்குள் அடைத்தோம்.

வெளியீட்டு நேரத்தில் வேறு வகையான பேச்சு வந்தது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு கேட்பாகக் கணக்கில் சேரும். அதனால் பீட் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்ற கவலை. நியாயமான கவலைதான். கதையைத் தனி டிராக்குகளாகப் பிரித்துவிடலாம் என்ற யோசனையை மட்டும் நான் கடுமையாக எதிர்த்தேன். பாடகி அடெல் கேட்டுக்கொண்டதால் 2021 நவம்பரில் அதே தளம் ஆல்பம் பக்கங்களில் பாடல்களை வரிசை மாற்றி ஓட்டும் ஷஃபிளை முதன்மைப் பொத்தானாக வைப்பதைக் கைவிட்டது உண்மை. ஆனாலும் ஷஃபிள் வசதி போய்விடவில்லை. பிளேலிஸ்ட் என்று ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு கதைத்துண்டும் அதன் பாட்டுடன் ஒரே டிராக்கில் இருந்தால், வரிசை கலைந்தாலும் அந்தத் துண்டும் பாட்டும் பிரியாது. இறுதியில் அப்படியே செய்தோம்.

பாடல்கள் மட்டும் உள்ள பதிப்பு ஒன்றும் வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்டார். செய்துகொடுத்தேன். கதையை எடுத்த இடங்களில் ஐந்து பார், ஏழு பார் என்று சுற்றுகள் ஒற்றைப்படையில் நின்றன. நான்காகவும் எட்டாகவும் வெட்டிவிடலாமா என்று இசையமைப்பாளரிடம் கேட்டபோது, “இருக்கட்டும், அது அவங்க மூச்சு” என்றார். வெட்டாமலேயே மாஸ்டரிங் என்ற இறுதி ஒலிச் சீரமைப்புக்கு அனுப்பினோம்.