ட்ரிப் நிற்காத பழைய வீடு

மட்டக்களப்புக் கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே நிற்கும் பழைய ஓட்டு வீடுகளில், மாரி தொடங்கினால் வரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: ட்ரிப் சுவிட்ச், அதாவது கரண்ட் கசிந்தால் வீட்டு மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச், ஏற்றினால் நிற்குதில்லை. அப்படி ஒரு வீட்டில், ஒவ்வொரு லைனுக்கும் உரிய சிறு பிரேக்கரான எம்சிபி எல்லாவற்றையும் இறக்கிய பிறகும் ட்ரிப் விழுந்தது. "அப்ப ட்ரிப்தான் பழுது, அதைக் கழற்றிப்போட்டு நேரடியாகக் குடுங்கோ" என்றார்கள் வீட்டார். அப்படிக் கொடுத்தால் லைட் எரியும். ஆனால் ஈரச் சுவரிலோ பிரிட்ஜிலோ கசிவு இருந்தால், கை வைத்தவரைக் காப்பாற்ற வீட்டில் ஒன்றும் இராது.

எம்சிபி இறங்கியும் ட்ரிப் ஏன் விழுகிறது? வீட்டுப் பெட்டிகளில் உள்ள சாதாரண எம்சிபி லைவ் கம்பியை மட்டும்தான் வெட்டும். கரண்ட் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரல், எல்லா லைனுக்கும், பெட்டிக்குள் இருக்கும் பித்தளைப் பாரில் சேர்ந்தபடியே இருக்கும். அயல் வீடுகளின் பாவனையால் தெரு நியூட்ரலில் எப்போதும் சில வோல்ட் இருக்கும். வீட்டுக்குள் ஒரு நியூட்ரல் எர்த்தைத் தொட்டுவிட்டால், அந்தச் சில வோல்ட்டே 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும் ட்ரிப்பை விழுத்தப் போதுமாகலாம். லைவ் கம்பியையே தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

கை வைக்க முன் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். இறக்கிய பிறகும் மீற்றரிலிருந்து மெயின் சுவிட்சின் மேல் முனை வரை 230 வோல்ட் இருக்கும். சீல் போட்ட மீற்றர் பகுதி மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்குரியது, அதைத் தொடவே கூடாது. கரண்ட் இல்லை என்பதை டெஸ்டர் ஸ்குரூ டிரைவரை நம்பி முடிவு செய்வதில்லை. மல்டிமீட்டரைக் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடியும் கரண்ட் உள்ள இடத்தில் பார்க்க வேண்டும். நடுவில் மீட்டரே செத்துப்போயிருந்தால் அது மூன்றாவது பார்வையில்தான் தெரியும்.

அடுத்தது மெகர், அதாவது வயரின் இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி. எல்லா பிளக்கையும் இழுத்து, எல்ஈடி பல்புகளையும் கழற்றிவிட்டு, நியூட்ரல்களைப் பாரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து அடையாளம் கட்டினோம். 500 வோல்ட்டில் ஒவ்வொரு நியூட்ரலையும் எர்த்துக்கு எதிராக அளக்கும்போது, 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைன் ஏற்கத்தக்கதல்ல. குசினி லைன் கிட்டத்தட்டப் பூச்சியம் காட்டியது, மற்றவை தப்பின. அந்த லைனை நடு ஜங்ஷன் பெட்டியில் பிரித்து, இரண்டு பாதியையும் தனித்தனியாக அளந்து, பழுதான பாதியை மறுபடியும் பிரித்துக்கொண்டே போனால் இடம் தானாக அகப்படும். சுவரை உடைத்துத் தேடத் தேவையில்லை.

அகப்பட்டது கிணற்றடிச் சுவரில் இருந்த 15 ஆம்பியர் உருண்டைக் கால் பிளக் பொயிண்ட். உப்புக் காற்றும் சுவர் ஈரமும் சேர்ந்து, உள்ளே பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு பூத்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பாலம் போட்டிருந்தது. அதை மாற்றிய பிறகும் அளவு 0.3 மெகா ஓமுக்கு மேலே ஏறவில்லை. இரண்டாவது பழுது ஓட்டுக்குக் கீழே, வளை மரத்துக்கு மேலால் ஓடிய வயரில். எலி கடித்த இடத்தில் செம்பு தெரிந்தது. ஒரு பழுது அகப்பட்டவுடன் ட்ரிப்பை ஏற்றிவிட்டுப் போகாமல் மறுபடி அளக்கச் சொல்வது இதற்காகத்தான்.

களிம்பு பிடித்த வயரை வெட்டிப் புதிதாக முறுக்கலாமா என்று கேட்பார்கள். இன்சுலேஷனைச் சீவிப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் உள்ளே போயும் செம்பு கறுப்பாகவே இருந்தால் அந்த வயர் கழிவுதான். பளபளப்பான செம்பு வந்தால் அந்த இடத்திலிருந்து கனெக்டர் போட்டு, பெட்டிக்குள் வைத்து இணைக்கலாம். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு காலப்போக்கில் தளர்ந்து சூடேறும். முன் அறையில் பலகைக் கேசிங்குக்குள் ஓடிய ரப்பர் வயரில் இந்தச் சோதனைக்கே இடமில்லை, வளைத்தால் ரப்பர் பொடிந்து உதிரும். அதைத் தொடாமல் விடுவது அல்லது முழுதாக மாற்றுவது என்று இரண்டு வழிதான் உண்டு. கேசிங்கில் கறையான் வேறு. முழுதாக மாற்றினோம்.

லைட்டுக்கு 1/1.13 வயர், அதாவது 1 சதுர மில்லிமீற்றர், 6 ஆம்பியர் எம்சிபி. பிளக் லைனுக்கு 7/0.67, அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர், 20 ஆம்பியர் எம்சிபி. தண்ணி மோட்டாருக்குத் தனி லைன். எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று 20ஐ எடுத்து 32 போடுவது, பழைய பியூஸில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிய அதே வேலைதான். 5 ஆம்பியருக்கு 0.2 மில்லிமீற்றர், 15க்கு 0.5 மில்லிமீற்றர் கம்பி என்று அளவு வைத்தது, வயர் எரிய முன் பியூஸ் எரிய வேண்டும் என்பதற்காக.

சுவிட்சுகள் சிலவற்றில் நியூட்ரலை வெட்டியிருந்தார்கள். லைட் அணைந்துவிடும், ஹோல்டரில் மட்டும் கரண்ட் நிற்கும். பல்பு மாற்றப்போனவருக்கு அடிப்பது இப்படித்தான்.

இவ்வளவுக்கும் அடியில் இருந்த பெரிய பழுது எர்த். பழைய எர்த் வயர் கிணற்றுக்குப் போகும் இரும்புக் குழாயில் கட்டப்பட்டிருந்தது. பிறகு யாரோ குழாயின் பெரும்பகுதியை பிவிசிக்கு மாற்றிவிட்டார்கள். வயர் அப்படியே இருந்தது, மண்ணுக்குள் மிஞ்சிய சிறு துண்டு வழியாக மாரி ஈரத்தில் மட்டும் எர்த் கொஞ்சம் பிடித்தது, காய்ந்தால் அதுவும் இல்லை. இங்கு வீட்டு எர்த் அந்தந்த வீட்டில் மண்ணில் அடித்த கம்பியையே நம்பியிருப்பதால், இது போனால் பிரிட்ஜ் உடலில் கசிவு வந்தாலும் ட்ரிப் உடனே விழாது. யாராவது தொடும்போது அவர் உடம்பு வழியாகத்தான் விழும். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனும் இதைச் சொல்லாது. அது தன் உள்ளேயே ஒரு கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது, எர்த் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

கரையோர மணலில் 4 அடிச் செம்புக் கம்பி ஒன்றை அடித்துவிட்டுப் போவது போதாது. கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் மேல் மணல் பொடியாகக் காய்ந்துவிடும், அப்போது எர்த்தின் தடை ஏறும். ஈர மண் வரும் வரை கம்பியை நீட்டி அடிக்க வேண்டும். அல்லது இரண்டாவது கம்பியை, கம்பியின் நீளத்துக்குக் குறையாமல் தள்ளி அடித்து, இரண்டையும் இணைக்க வேண்டும். எர்த் டெஸ்டரில் 200 ஓமுக்கு மேலே காட்டும் எர்த் நிலைத்து நிற்காது, எவ்வளவு கீழே கொண்டுவர முடியுமோ அவ்வளவு நல்லது. மழை பெய்த மறுநாள் எடுத்த அளவை நம்பிவிடாமல் காய்ந்த காலத்திலும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.

வெள்ளம் ஏறிய வீடாக இருந்தால் இன்னொன்று. தண்ணீரில் மூழ்கிய எம்சிபி, ட்ரிப், பிளக் பொயிண்ட் எதையும் காயவைத்துத் திருப்பிப் போடக் கூடாது. உள்ளே ஏறிய சேறும் உப்பும் வெயிலுக்குப் போகாது. குழாய்க்குள் இருக்கும் பிவிசி வயரை மட்டும் நன்றாகக் காயவிட்டு மெகர் வைத்துப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.