ஆராய்ச்சிக்கான ஒப்புதல் படிவம்

எங்கள் மகளுக்கு ஒன்பது வயதில் ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய் உறுதியானபோது, சென்னையிலுள்ள ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் எங்களிடம் இரண்டு ஒப்புதல் படிவங்களைத் தந்தார்கள். ஒன்று சிகிச்சைக்கானது, மற்றொன்று, பரிசோதனைக்காக எடுக்கும் எலும்பு மஜ்ஜையில் மீந்ததை ஆராய்ச்சிக்குச் சேமித்து வைப்பதற்கானது. முதலாவதில் உடனே கையெழுத்திட்டோம். இரண்டாவதைப் பார்த்ததும் என் கணவர், "பிள்ளையை வச்சு சோதனை பண்ணப் போறாங்களா?" என்று கலங்கினார். அந்த வார்டில் இருந்த மற்ற பெற்றோர் பலருக்கும் இதே அச்சம் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மருத்துவர் தமிழிலிருந்த தகவல் தாளை வரிவரியாக விளக்கினார். ஆய்வில் சேராவிட்டாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இராது, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், மாதிரியின் மீது பெயருக்குப் பதில் குறியீட்டு எண்தான் இருக்கும் என்றார். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, ஏழு வயதைக் கடந்த குழந்தையிடம் வாய்மொழியாகவேனும் சம்மதம் பெற வேண்டும் என்பதால் அவளையும் கேட்டார். இதற்கென்று தனியாக ஊசி உண்டா என்பது மட்டுமே அவளுடைய கேள்வி. இல்லை என்றதும் தலையசைத்தாள்.

எங்களை முழுமையாக இணங்க வைத்தது அதன்பின் அவர் சொன்ன வரலாறு. 1948-இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியதை வெளியிட்டார். அம்மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் அமெரிக்காவின் லெடர்லி மருந்து நிறுவன ஆய்வகத்தில் உருவானது. அதற்கு மிக நெருங்கிய மெத்தோட்ரெக்ஸேட்டைத்தான் என் மகளின் முதுகுத்தண்டில் ஊசி வழியாகச் செலுத்தினார்கள். நோய் அடங்கிப் பின்னர் திரும்பிய அந்தக் குழந்தைகளுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடனை எண்ணியபடியே கையெழுத்திட்டோம்.

முதல் மாதம்தான் மிகக் கடினம். ஸ்டீராய்டால் முகம் வீங்கி, பசியும் அழுகையும் மாறி மாறி வந்தன. வெள்ளணுக்கள் குறைந்திருந்ததால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் வீட்டில் மாத்திரை கொடுத்துக் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். புதிதாக வரும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வதும் இதையே. சிகிச்சைக்குப் பின்னும் எஞ்சும் புற்றணுக்களை அளக்கும் எம்.ஆர்.டி. பரிசோதனையை மாத இறுதியில் எடுத்தபோது, நல்ல அறிகுறியாக, அவை 0.01 சதவீதத்துக்கும் கீழே இருந்தன.

நோய் திரும்பாமலிருக்க நீண்ட காலம் மருந்து தரும் மெயின்டனன்ஸ் கட்டத்தில், புற்றுநோய்க்கான மெர்காப்டோப்யூரின் மாத்திரையை வழக்கமான அளவில் எடுத்தபோதே கவுன்ட், அதாவது வெள்ளணுக்களின் எண்ணிக்கை, மீண்டும் மீண்டும் சரிந்தது. மரபணுப் பரிசோதனையில் என்.யு.டி.டி.15 மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. ஆசியர்களிடையே அதிகம் காணப்படும் இம்மாற்றத்துக்கும் இவ்வகை மருந்துகளால் வெள்ளணுக்கள் குறைவதற்கும் உள்ள தொடர்பை, குடல் அழற்சி நோயாளிகளை ஆராய்ந்த கொரிய ஆய்வாளர்கள் 2014-இல்தான் வெளிப்படுத்தினார்கள். அந்நோயாளிகள் தங்கள் ரத்தத்தைத் தர மறுத்திருந்தால், எங்கள் மருத்துவருக்கு இந்தப் பரிசோதனையைக் கேட்கத் தோன்றியிருக்குமா? மாத்திரையின் அளவைக் குறைத்தபின் கவுன்ட் நிலைத்தது. மருத்துவரின் அனுமதியோடு மகள் பள்ளிக்குச் செல்கிறாள்.