வஞ்சிரம் வெட்டிய பலகை

ஞாயிற்றுக்கிழமை கடலூர் முதுநகரில் வாங்கிய வஞ்சிரத்தைப் பலகையில் வைத்து வெட்டினேன். முடிந்ததும் லேசாக அலம்பி, பிளீச் கலந்த தண்ணீரை ஊற்றி, உடனே துணியால் துடைத்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் கத்தி கீறிய கோடுகளுக்குள் செதில் பளபளக்கிறது. கவிச்சி வாடையும் போகவில்லை.

"தேய்க்காம மருந்தை ஊத்தினா என்னத்துக்கு ஆகும்?" என்றார் அத்தை.

சரிதான். மீன் கசடு ஒட்டியிருந்தால் பிளீச்சில் உள்ள குளோரின் அதிலேயே செலவாகிவிடும், கிருமியைக் கொல்ல மிச்சமிருக்காது. காய்ந்த பரப்பில்கூட, வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி நாள்கணக்கில், சிலசமயம் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இப்போதெல்லாம் முதலில் சோப்பும் நாரும்தான். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பிளீச், வாசனை சேர்க்காத 5 சதவீத வகை. இரண்டு நிமிஷமாவது பலகை ஈரமாக இருக்க வேண்டும். கலவையை அன்றன்றைக்கே கலக்குகிறேன், வைத்திருந்தால் வீரியம் குறைந்துவிடும். கழிவறை ஆசிட் பக்கத்தில்கூட கொண்டுபோவதில்லை. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு.

அன்றைக்குத் துடைத்த துணியைத்தான் மறந்துபோனேன். ராத்திரி முழுக்க சிங்க் ஓரத்தில் சொதசொதவென்று கிடந்திருக்கிறது. காலையில் அத்தை அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை.