இடது ஓரத்துக் காவல்

ஆகஸ்ட் 31, 2024, சனி

கல்லூரி ஃபுட்பால் சீசன் தொடங்கிவிட்டது. ஒஹாயோ ஸ்டேட் 52, ஆக்ரன் 6. ஆட்டத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஆனாலும் இந்த வருடம் விடாமல் எழுதி வைக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. கொலம்பஸில் ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் போட்டு மோதும் அமெரிக்க ஃபுட்பால். ஆடுகிறவர்கள் இங்கிருக்கும் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள். 1922-ல் திறந்த குதிரை லாட வடிவ மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். வந்த புதிதில் எனக்குப் பந்து எங்கே போகிறது என்றே தெரியாது. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் கண்ணைத் திறந்துவிட்டார். பள்ளி நாட்களில் லைனில், அதாவது எதிரியோடு நேருக்கு நேர் மோதும் முன்வரிசையில், ஆடியவர். "பந்தைப் பார்க்காதே. இடது ஓரத்தில் நிற்பவனைப் பார்" என்றார்.

பந்தை எறிகிறவர் குவார்ட்டர்பேக். வலது கைக்காரர் எறியத் திரும்பும்போது அவர் முதுகு இடது பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து பாய்ந்து வருகிறவனை அவரால் பார்க்க முடியாது. அவனை நிறுத்த வேண்டியவர் லெஃப்ட் டேக்கிள். கபடி பார்க்கிறவர்களுக்கு லெஃப்ட் கார்னரின் அருமை தெரியும். அதே மாதிரி வேலை. நன்றாகச் செய்தால் அவர் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

நம் அணியில் அந்த இடம் ஜாஷ் சிம்மன்ஸுக்கு, எண் 71. அவருக்கு அடுத்து உள்பக்கம், லெஃப்ட் கார்டாக, டானவன் ஜாக்சன், எண் 74.

அக்டோபர் 12, சனி

ஆரிகன் 32, ஒஹாயோ ஸ்டேட் 31. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது, தூக்கம் வரவில்லை.

கடைசி நொடிகளில் ஃபீல்டு கோல் தூரத்தை, அதாவது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கும் தூரத்தை, நெருங்கியிருந்தோம். நம் குவார்ட்டர்பேக் வில் ஹாவர்ட் பந்தோடு ஓடிச் சறுக்கி உட்கார்ந்தார். எழுவதற்குள் கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. நாளைக்கு எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு உறுத்துவது வேறு. ஆட்டத்தின் நடுவே சிம்மன்ஸ் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

பெரியவரின் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்டோபர் 26, சனி

நெப்ராஸ்காவை ஜெயித்தோம், 21-17. தோற்றது போலத்தான் இருக்கிறது. சிம்மன்ஸுக்கு இந்த சீசன் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அவர் இடத்தில் இறங்கிய இளைஞரும் இன்று அடிபட்டு வெளியே போனார். ஓட்டத்தில் 64 யார்டுதான் கிடைத்தது. இந்த வீரர்களைச் சேர்க்கவும் தக்கவைக்கவும் ஏறக்குறைய 2 கோடி டாலர் என்று பல்கலைக்கழக விளையாட்டுத் துறைத் தலைவரே கோடையில் சொல்லியிருந்தார். மிசிசிப்பியிலிருந்து ஜட்கின்ஸ், அலபாமாவிலிருந்து கேலப் டவுன்ஸ், கான்சாஸ் ஸ்டேட்டிலிருந்து ஹாவர்ட். எல்லாம் சரி, ஆனால் இடது ஓரத்தில் நிற்க ஆள் வேண்டுமே!

நவம்பர் 2, சனி

இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

வியாழக்கிழமை தீபாவளி. பெரியவர் வீட்டுக்கு ஒரு டப்பா முறுக்கும் அதிரசமும் கொடுத்திருந்தோம். இன்று பென் ஸ்டேட் ஆட்டம் தொடங்கும்போது அந்த டப்பா அவர் மடியில் இருந்தது. "இன்றைக்கு டேக்கிள் யார் தெரியுமா? 74" என்றார்.

ஜாக்சனை கார்டிலிருந்து டேக்கிளுக்கு மாற்றிவிட்டார்கள். பார்க்க ஒரு ஆள் நகர்ந்து நிற்பது போல இருக்கும். உள்ளே நிற்பவருக்கு இரு பக்கமும் துணை உண்டு, மோதலும் உடனே வந்துவிடும். ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு பக்கம் வெட்டவெளி. பின்னால் நகர்ந்துகொண்டே, தன்னைவிட வேகமானவனைக் கைநீளத்தில் நிறுத்த வேண்டும். கால் வைக்கும் விதமே வேறு. அதை சீசன் நடுவில், ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கத்தும் எதிரி மைதானத்தில் அப்துல் கார்ட்டருக்கு எதிரே நிற்க வேண்டும். நாட்டிலேயே மிக வேகமாகப் பாய்ந்து வருகிறவர்களில் ஒருவர் கார்ட்டர்.

இரண்டாம் பாதி முழுக்க நான் 74-ஐ மட்டுமே பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பந்து கிளம்புவதற்கு முன் அவர் ஒரு காலைச் சற்றுப் பின்னே தள்ளி, விரல்களை ஒருமுறை விரித்து மூடினார். சில முறை தடுமாறினார். விழவில்லை.

நான்காம் குவார்ட்டரில், ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில், பென் ஸ்டேட் எங்கள் 3 யார்டு கோட்டுக்கு வந்துவிட்டது. மூன்று முறை நேராக முட்டினார்கள், மூன்று முறையும் சுவர். நான்காவதுதான் கடைசி வாய்ப்பு, எறிந்த பந்து தரையில். மீதி 5 நிமிடம் 13 நொடி. கோல் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பிய நம் அணி பந்தைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. முட்டி முட்டி ஓடியே கடிகாரத்தைத் தீர்த்தார்கள். 20-13.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லைன் ஜெயித்த ஆட்டம்" என்றார். எனக்கும் தொண்டை அடைத்தது.

நவம்பர் 23, சனி

தோல்வியே அறியாமல் வந்த இந்தியானாவை 38-15. எதிரணி உதைத்துவிட்ட பந்தை, அதாவது பண்ட்டை, கேலப் டவுன்ஸ் பிடித்து 79 யார்டு ஓடிக் கோல் கோட்டைத் தாண்டினார், டச் டவுன். ஆனால் லைனின் நடுவில் நிற்கும் சென்டர் செத் மெக்லாக்லின் பயிற்சியில் குதிகால் தசைநாண் அறுந்து விலகிவிட்டார். லைனில் இது இரண்டாவது ஓட்டை. கார்சன் ஹின்ஸ்மன் நடுவுக்கு வந்திருக்கிறார்.

நவம்பர் 27, புதன்

பரம எதிரியான மிச்சிகனோடு மோதும் வாரம். வேலை முடிந்து வளாகம் வழியாக நடந்தேன். இந்த வாரம் பெயர்ப் பலகைகளில் 'எம்' எழுத்து இருக்கும் இடமெல்லாம் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டு மறைத்துவிடுவார்கள். ஒரு மாணவி தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு திட்டின் மேல் ஏறி ஒட்டிக்கொண்டிருந்தாள். குளிரில் டேப் ஒட்டவில்லை, ஓரம் சுருண்டு எழும்புகிறது. வாயால் ஊதிச் சூடாக்கிக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள். கடைசியில் நின்றது.

மிச்சிகனை ஜெயித்தால் ஒவ்வொரு வீரருக்கும் கால்சட்டை வடிவத்தில் சின்னத் தங்கப் பதக்கம் கொடுப்பார்கள். 1934-லிருந்து வரும் வழக்கம். ஜாக்சனும் ஜாக் சாயரும் இங்கே நான்காம் ஆண்டில் இருக்கிறார்கள். இன்னும் ஒன்றுகூட வாங்கவில்லை.

நவம்பர் 30, சனி

மிச்சிகன் 13, ஒஹாயோ ஸ்டேட் 10.

டிசம்பர் 1, ஞாயிறு

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஆறு வெற்றி, ஐந்து தோல்வியோடு வந்த அணி. நம் மைதானம். எதிரணியின் நடுவில் மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்று இரண்டு மலைகள். அவர்கள் மேலேயே திரும்பத் திரும்ப முட்டினோம். ஓரத்தில் ஜெரமையா ஸ்மித் நிற்கிறார், பத்தொன்பது வயசு, நாட்டின் மிகச் சிறந்த கைகள். அவரிடம் எறியாமல் நடுவில் முட்டிய முடிவை என்னால் மன்னிக்க முடியவில்லை. லைனில் மாற்று ஆட்கள் நிற்கும்போது எதிரியின் பலத்தின் மேலா போவது? 45 நொடி மிச்சமிருக்க 21 யார்டு ஃபீல்டு கோல், அவ்வளவுதான். அப்புறம் கைகலப்பு, மிளகு ஸ்ப்ரே வரை போனது. தொடர்ந்து நான்காவது தோல்வி.

காலையில் பார்த்தேன், பெரியவர் வாசல் கொடியைக் கழற்றிவிட்டார். கம்பு மட்டும் நிற்கிறது.

டிசம்பர் 21, சனி (நள்ளிரவு தாண்டி)

தேசிய பட்டத்துக்கான பிளேஆஃபில் இந்த வருடம்தான் முதல்முறையாக 12 அணிகள். பழைய முறையில் நான்குதான். இரண்டு தோல்வியோடு இடம் கிடைத்திருக்காது. எட்டாம் இடத்தில் இருந்ததால் முதல் ஆட்டம் நம் மைதானத்திலேயே. பெரியவரிடம் இரண்டு டிக்கெட் இருந்தது. மத்தியானம் கொடியை மறுபடி கட்டிவிட்டு, "கிளம்பு" என்றார்.

உறைநிலைக்குக் கீழே குளிர். அவர் கையில் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து நான்கு துண்டு. காலுக்குக் கீழே போட்டு நிற்க வேண்டுமாம், இல்லாவிட்டால் கான்கிரீட்டின் குளிர் பாதம் வழியாக ஏறும். இரண்டு சாக்ஸுக்கு மேல் அந்த அட்டைதான் என்னைக் காப்பாற்றியது. டென்னஸிக்காரர்கள் ஆரஞ்சு உடையில் பெரும் கூட்டமாக வந்திருந்தார்கள். மூன்று வாரம் முன்பு இதே இடத்தில் தோற்ற அணியை வரவேற்க உள்ளூர்க்காரர்களுக்கே மனசு வரவில்லையோ என்று முதலில் பயந்தேன். முதல் குவார்ட்டரில் 21-0. ஹாவர்ட் எறிவதற்கு முன் நிதானமாக நின்று தேடினார். இடது ஓரத்தில் 74, கையை நீட்டி, காலைப் பின்வைத்து, நின்ற இடத்தில் நின்றார். 42-17.

திரும்பும்போது காரில் பெரியவர் சொன்னார்: "அன்றைக்கும் இவர்கள்தான் ஆடினார்கள்."

ஜனவரி 1, 2025, புதன்

பிளேஆஃபின் காலிறுதி, ரோஸ் பவுல். அதே ஆரிகன், அதுவரை தோற்காத ஆரிகன். இரண்டாம் குவார்ட்டரில் 34-0 என்று போய்விட்டது! முடிவில் 41-21. ஸ்மித்துக்கு 187 யார்டு.

ஜனவரி 10, வெள்ளி

அரையிறுதியில் டெக்சஸை 28-14. டெக்சஸ் சமன் செய்யக் கோல் கோட்டுப் பக்கம் வந்து நின்றபோது, ஜாக் சாயர் குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தைத் தட்டி, தானே எடுத்து, 83 யார்டு ஓடினார். கொலம்பஸ் பக்கத்துப் பிள்ளை. தங்கப் பதக்கம் இல்லாமலே போகிற பிள்ளை. வீட்டில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம்.

ஜனவரி 20, திங்கள்

அட்லாண்டாவில் இறுதி ஆட்டம். நோட்ர டேம் முதல் முறை பந்தோடு 18 முயற்சிகளில் நகர்ந்து டச் டவுன் போட்டது. அப்புறம் நாம் தொடர்ச்சியாக 31. ஹாவர்ட் எறிந்த முதல் 13 பந்தும் போய்ச் சேர்ந்தன.

கடைசியில் 31-23 என்று நெருங்கிவிட்டார்கள். மூன்றாவது முயற்சி, 11 யார்டு வேண்டும். எதிரணி ஆட்களை அள்ளி அனுப்பியது. நான் இடது ஓரத்தில் கண் வைத்திருந்தேன். பந்து காற்றில் போனது எனக்குத் தெரியாது. பெரியவர் கத்தியபோதுதான் திரும்பினேன். ஸ்மித், 56 யார்டு. அப்புறம் ஒரு ஃபீல்டு கோல். 34-23. 2014 சீசனுக்குப் பிறகு இப்போதுதான் தேசிய பட்டம். 14 வெற்றி, 2 தோல்வி.

வெளியே தெருவெல்லாம் ஹாரன். மிச்சிகனிடம் தோற்றது மட்டும் இன்னும் வலிக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

சீசன் முடிந்து மூன்று மாதமாகிவிட்டது. இன்று தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்வு செய்யும் முதல் சுற்று. பெரியவர் கூப்பிட்டார், போனேன். அவர் சமையலறை நாட்காட்டியில் இன்றைய கட்டத்தில் பென்சிலால் 71, 74 என்று எழுதியிருந்தார்.

கார்ட்டர் மூன்றாவதாகப் போனார். 24-வது தேர்வு, மின்னசோட்டா வைக்கிங்ஸ்: டானவன் ஜாக்சன். பெரியவர் 74-ஐச் சுற்றி வட்டம் போட்டார். சிம்மன்ஸ் பெயர் வரவே இல்லை. முட்டி ஆபரேஷன் ஆன பையனை யார் எடுப்பார்கள் என்று எனக்குக் கவலை. 28, 29, 30. நள்ளிரவு நெருங்கியது. காபி போட்டுக் கொடுத்தார், யாரும் குடிக்கவில்லை. முதல் சுற்றின் கடைசித் தேர்வு, 32, கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ்.

ஜாஷ் சிம்மன்ஸ்.

பென்சில் முனை உடைந்திருந்தது. நகத்தால் அழுத்தி 71-ஐச் சுற்றி ஒரு வட்டம் கீறினார்.